கேட்காமல் எடுத்த முகங்கள்: தெருவில் கேண்டிட் எடுப்பவர்களிடம் ஒரு கேள்வி

கல்மண்டபம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 11 வருடமாகச் சென்னைத் தெருக்களில் படம் எடுத்து வருகிறேன். பூக்கடை, சௌகார்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, காசிமேடு. ஞாயிறு காலை என்றால் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில்தான் இருப்பேன்.

போன ஞாயிறு காசிமேட்டில் மீன் ஏலம் ஓய்கிற நேரம். ஒரு அம்மா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பின்னால் படகுகள், பக்கவாட்டில் இளவெயில், கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலை. இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று மூன்று ஃபிரேம் எடுத்தேன். மூன்றாவதில் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"இன்னாத்துக்குப்பா என்னப் போட்டோ புடிச்சினுகீற? இத்த வெச்சினு இன்னா பண்ணப் போற?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் தடுமாறிப்போனேன். திட்டியிருந்தால் மன்னிப்பு கேட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். "அழகா இருந்துச்சும்மா" என்றேன். "துட்டு எண்ணினுகீறேன், இது உனுக்கு அழகா?" என்றார். மூன்று படத்தையும் அவர் எதிரிலேயே அழித்தேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார்.

வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 40,000 படங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் முகங்கள். நான் எடுத்தது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எடுக்கும்போது கேட்க வேண்டுமா, போடும்போது கேட்க வேண்டுமா, கேட்கவே வேண்டாமா? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

---

ஒளிவட்டம் எழுதியது:

கேட்டால் அது கேண்டிட் இல்லை; ஆள் அறியாமல் இயல்பாக விழுவதுதான் கேண்டிட். கேட்ட நொடியில் முந்தானையைச் சரி செய்வார்கள், தலையைக் கோதுவார்கள், விறைப்பாக நிற்பார்கள். ஸ்டூடியோ படம் கிடைக்கும். நீங்கள் பார்த்த அந்தத் தருணம் கிடைக்காது.

இந்தக் கலை தொடங்கியதே அப்படித்தான். மனிதர் பதிவான மிகப் பழைய படமாகக் கருதப்படுவது 1838இல் புகைப்பட முன்னோடி டாகேர் பாரிஸில் எடுத்த ஒரு தெருக் காட்சி. எக்ஸ்போஷர், அதாவது தகட்டில் ஒளி விழ விட்ட நேரம், பல நிமிடங்கள். நடந்துபோனவர்கள், வண்டிகள் யாரும் தகட்டில் விழவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவர்தான் பாலிஷ் போட்டவரோடு சேர்ந்து தெளிவாக விழுந்தார். தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை ஒளித்துவைத்து எதிரில் இருந்தவர்களை எடுத்தார். அந்த முகங்களில் இருக்கிற அமைதி, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நம்புகிற மனிதருக்கு மட்டுமே வருவது. அனுமதி வாங்கி அதை எடுக்க முடியுமா? நல்ல படத்தை அழித்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

---

தேன்சிட்டு எழுதியது:

எவன்ஸ் அந்தப் படங்களைப் புத்தகமாகப் போட்டது 1966இல். ஏறக்குறைய 25 வருடம் காத்திருந்தார். இன்று நாம் எடுத்த 25 நிமிடத்தில் இன்ஸ்டாவில் போடுகிறோம். இந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஒளிவட்டம்.

நான் கேமரா பிடிப்பவள். கேமராவில் பிடிக்கப்பட்டவளும்கூட. இரண்டு வருடம் முன்பு பேருந்தில் எதிர் சீட்டில் இருந்த ஒருவர் போனை நெஞ்சருகே வைத்து என்னை எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஜன்னலில் திரை தெரிந்தது. கேட்டதற்கு, "நான் தெருப் புகைப்படக்காரன், இது கலை" என்றார். அழிக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். ஏழு படம், ஏழிலும் தலை இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பெண்ணை நோக்கி கேமராவைத் தூக்கும்போதெல்லாம் அந்தப் பேருந்து ஞாபகம் வருகிறது. என் நோக்கம் வேறு என்று எனக்குத் தெரியும். எதிரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால் நான் ஒளித்து எடுப்பதே இல்லை. கேமரா எப்போதும் கழுத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஒரு முனையில் அரை மணி நேரம் நின்றால் போதும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் பார்ப்பார்கள். அப்புறம் நம்மை விட்டுவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். கேட்டு எடுப்பதற்கும் திருட்டுத்தனமாக எடுப்பதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. நம்மை அவர்கள் பார்க்க விட வேண்டும்.

---

பாரிமுனை வக்கீல் எழுதியது:

இழையில் சட்டம் பற்றிக் குழப்பம் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதே குற்றம் என்று சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் எல்லை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, ஒரு பெண் தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி அந்தரங்கமாக இருக்கும் நிலையைப் படம் எடுப்பதைத் தண்டிக்கிறது. விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் விடாமல் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயன்றால் 78ஆம் பிரிவு. அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றி எடுத்தால், யாராக இருந்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு.

எடுப்பது ஒன்று, பயன்படுத்துவது வேறொன்று. அந்த முகத்தை ஒரு விளம்பரத்துக்கு விற்றால் கதையே வேறு. 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ராஜகோபால் வழக்கு நம் ஊரிலிருந்து போனதுதான். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றியது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றிப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2017இல் அதே நீதிமன்றம் தந்த புட்டசாமி தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்றது.

காப்புரிமை எடுத்தவருக்குத்தான். படம் உங்களுடையது, ஆனால் அதில் இருக்கும் முகம் உங்களுடையதாகிவிடாது.

இன்னொன்று. யாராவது கேமராவைப் பிடுங்கி "அழி" என்று மிரட்டினால் அது அவர் தவறு. ஆனாலும் அழித்துவிடுங்கள் என்றுதான் என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். நடுத்தெருவில் பிரிவு எண் சொல்லி ஜெயிக்க முடியாது.

---

மொன்றியல் குளிர் எழுதியது:

நான் இருக்கிற மொன்றியலில் இதற்கென்றே ஒரு பெரிய வழக்கு நடந்தது. சென் கத்தரின் வீதியில் ஒரு கட்டடத்துப் படியில் 17 வயதுப் பெண்பிள்ளை இருந்ததை ஒருவர் கேட்காமல் எடுத்தார். படம் ஒரு கலை இதழில் வந்தது. ஆபாசம் ஒன்றும் இல்லை, வடிவான படம். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளை மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 1998இல் அவளுக்குச் சார்பாகத் தீர்ந்தது. நட்டஈடு 2,000 டொலர். சின்னத் தொகைதான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கியூபெக் மாகாணத்தில் ஒருவரின் முகம் படத்தின் மையமாக இருந்தால், பிரசுரிக்க அவருடைய சம்மதம் வேண்டும் என்பது எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

நியூயோர்க்கில் இதற்கு நேர்மாறு. டிகோர்சியா என்ற கலைஞர் டைம்ஸ் சதுக்கத்தில் பிளாஷ் விளக்குகளை மறைவாகக் கட்டி, தூரத்திலிருந்து வழிப்போக்கர்களின் முகத்தை எடுத்தார். அதில் ஒருவர், மத நம்பிக்கையால் தன் உருவம் படமாவதை ஏற்காத முதியவர், வழக்குப் போட்டார். இது கலை, வணிகம் அல்ல என்று 2006இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. படங்கள் ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கப்பட்டவை.

இரண்டு ஊருக்கும் இடையில் சில மணித்தியாலக் கார்ப் பயணம்தான். ஆகவே சட்டத்தைக் கேட்டு மனசாட்சியைத் தீர்க்க ஏலாது. நான் இங்கே முகத்தை விட்டுவிட்டு முதுகு, நிழல், பனியில் கால்தடம் என்று எடுக்கப் பழகினேன். கனகாலம் அது ஒரு குறையாகத்தான் தெரிந்தது. இப்போது அப்படியில்லை. பேருந்துக்கு நிற்கிற ஒரு மனிசனின் தோளைப் பார்த்தாலே அன்றைக்கு அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் தெரிகிறது.

---

புதுக்கிளிக் எழுதியது:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் போன் மட்டும்தான். கிட்டே போகப் பயமாக இருக்கிறது. அதனால் ஒரு பழைய 70-300 லென்ஸும் கேமராவும் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். தூரத்திலிருந்தே எடுத்துவிடலாம் இல்லையா?

---

இருபத்தெட்டு எம்எம் எழுதியது:

வேண்டாம் தம்பி. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த மாதிரி தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸில் எடுத்தால் நீ எதிர்ப் பக்கத்து நடைபாதையில் மறைந்து நிற்கிறாய். அது படத்திலேயே தெரிந்துவிடும். பின்னணி எல்லாம் தட்டையாக ஒட்டிக்கொள்ளும், ஆள் மட்டும் வெட்டி எடுத்த மாதிரி நிற்பார். அவர் எந்தக் கடை வாசலில், யார் பக்கத்தில் இருந்தார் என்பதே இருக்காது. உன் போன் லென்ஸ் அகலமானதுதான். அதுவே போதும். கிட்டே போனால்தான் படம் வரும். கிட்டே போனால் அவரும் உன்னைப் பார்ப்பார். அது நல்லது. அவருக்கும் "வேண்டாம்" என்று சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: முழு ஃபிரேம் கேமராவில் 28 எம்எம் அகல லென்ஸ், அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8, ஃபோகஸைக் கையால் இரண்டரை மீட்டரில் வைத்துவிட்டால், சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. அதற்குப் பிறகு கேமராவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஆளை மட்டும் பார்த்தால் போதும். கண்ணருகே வைத்து முன்னும் பின்னும் திருகிக்கொண்டு நின்றால்தான் எதிரில் இருப்பவர் மிரள்கிறார்.

வெளிச்சத்துக்காகச் சொல்கிறேன்: சென்னையில் காலை ஆறிலிருந்து எட்டு வரை. அதற்கு மேல் வெயில் தலைக்கு மேல் வந்து, கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புப் பள்ளம்தான் இருக்கும். மறுபடி மாலை நாலரைக்கு மேல்.

மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் அன்று போய்ப் பழகு. அன்று நான்கு மாட வீதியிலும் கேமரா இல்லாத கை குறைவு, ஒன்றிரண்டு படத்துக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மோர்ப் பந்தலில் டம்ளர் கொடுக்கும் கைகளை எடு. கூச்சம் தெளிந்த பிறகு பூக்கடைக்குப் போ.

எடுத்த பிறகு ஓடாதே. நின்று, கண்ணைப் பார்த்து, திரையைக் காட்டு. "நல்லா வந்திருக்குங்கய்யா" என்று சொல்லு. பத்தில் எட்டுப் பேர் சிரிப்பார்கள். மீதி இரண்டு பேருக்காக அழிக்கும் பட்டன் இருக்கிறது.

---

பத்ரியன் தெரு எழுதியது:

நான் படம் எடுப்பவள் அல்ல. என் தம்பி இந்த இழையைக் காட்டினான். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அம்மா பூக்கடை பத்ரியன் தெருவில் 22 வருடமாகப் பூ கட்டி விற்கிறார். மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் அந்தத் தெரு பூவை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பத்துப் பேர் ஒரே மாதிரி டி-சர்ட் போட்டு, ஒரே இடத்தில் வளைத்து நின்று எடுப்பார்கள். வியாபாரம் நின்றுபோகும். வாங்க வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். யாரும் ஒரு முழம் வாங்கியது கிடையாது.

அதைக்கூட அம்மா பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு படக் கண்காட்சியில் அம்மாவைப் பார்த்தேன். ஆளுயரப் பிரிண்ட். கீழே "வறுமையிலும் புன்னகை" என்று தலைப்பு.

அம்மா அன்று சிரித்தது என் பரீட்சை முடிவுக்காக. நான்தான் போனில் சொன்னேன். காதில் போன் இருப்பது படத்தில் பாதி தெரிகிறது. வறுமை என்று யார் சொன்னது அவருக்கு? அந்தக் கடையில் வந்த காசில்தான் இரண்டு பேரைப் படிக்கவைத்தார், வியாசர்பாடியில் ஒரு வீடும் கட்டினார். என் கூட வந்த தோழிகளிடம் "இது என் அம்மா" என்று அன்று நான் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. படம் எடுத்ததற்காகக் கோபம் இல்லை. படம் நன்றாகவே இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா சிரிக்கிற படம் அது ஒன்றுதான், அதுவும் எங்களிடம் இல்லை. அந்தத் தலைப்புக்காகத்தான் கோபம்.

அழகு என்று நினைத்து எடுத்தால் அழகு என்றே சொல்லுங்கள். தெரியாத கதையை எழுதாதீர்கள்.

---

தேன்சிட்டு எழுதியது:

எழுதியதற்கு நன்றி. அந்தக் கண்காட்சியை நடத்தியவர்களைக் கேட்டால் பிரிண்ட் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். தனிமடலில் விவரம் அனுப்புங்கள், நான் அலைகிறேன்.

---

ஒளிவட்டம் எழுதியது:

பத்ரியன் தெரு, உங்கள் பதிவைப் பலமுறை படித்தேன். தலைப்பு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். நானும் அப்படிப்பட்ட தலைப்புகள் வைத்திருக்கிறேன். நேற்று இரவு உட்கார்ந்து என் பக்கத்தில் இருந்த 60க்கும் மேற்பட்ட படங்களின் தலைப்பை எடுத்துவிட்டு, இடமும் தேதியும் மட்டும் போட்டேன்.

ஆனால் என் கவலை ஒன்று பாக்கி இருக்கிறது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அதன் உள்ளே பழைய புத்தகக் கடையில் குனிந்து நின்றவர்கள், கிளி விற்றவர்கள், பேரம் பேசியவர்கள் எப்படி இருந்தார்கள் என்று இன்று நமக்குக் காட்டுவது யாரோ போகிற போக்கில் எடுத்த படங்கள்தான். ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் எடுப்பது என்று வைத்தால், இந்த ஊரின் 2020களிலிருந்து மிச்சமாவது எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற செல்ஃபிகள் மட்டும்தான். இன்னும் 50 வருடம் கழித்துப் பிறப்பவருக்கு நாம் எப்படி நடந்தோம், எப்படிக் கடன் கேட்டோம், பேருந்துக்கு எப்படி ஓடினோம் என்று யார் காட்டுவது?

எடுப்பதை நிறுத்த மாட்டேன். உடனே போடுவதை நிறுத்தலாம் என்று தோன்றுகிறது.

---

இருபத்தெட்டு எம்எம் எழுதியது:

ஒளிவட்டம் சொல்வதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவின் மினுக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மறைத்துக்கொண்டு உலகத்தையே எடுத்தவர். 1950இல் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். ஆனால் தன்னை யாரும் படம் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. தெருவில் அடையாளம் தெரியாமல் இருந்தால்தான் வேலை செய்ய முடியும் என்பது அவர் கட்சி. அது நியாயம்தான். ஆனால் அதே நியாயம் மீன் விற்கிற அம்மாவுக்கும் உண்டு. அவருக்கும் அது வேலை செய்கிற இடம்.

---

கல்மண்டபம் எழுதியது:

எல்லோர் பதிவையும் படித்துவிட்டுப் பழைய படங்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன். மூன்று இரவு ஆனது.

பார்த்தபோது தெரிந்தது இது. தூங்குகிறவர்களை மட்டும் 300க்கு மேல் எடுத்திருக்கிறேன். மீன்பாடி வண்டியில், நடைமேடையில், பிராட்வே நிழற்குடையில். அத்தனை பேரும் உழைத்துக் களைத்துத் தெருவில் படுத்தவர்கள். அண்ணா நகரில் கார் சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறவர் ஒருவர்கூட என்னிடம் இல்லை. பார்க்காமலா இருந்திருப்பேன்? பார்த்திருப்பேன். கண்ணாடியை இறக்கி "என்னய்யா வேணும்?" என்று கேட்பார் என்று பயந்து எடுத்திருக்க மாட்டேன். வண்டியில் தூங்குகிறவர் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தூங்குகிறவர்கள் படத்தை எல்லாம் தனி ஃபோல்டரில் போட்டுப் பூட்டினேன். பொதுவில் இருந்த 14ஐ இறக்கிவிட்டேன். இனி தூங்குகிறவரை எடுப்பதில்லை.

அப்புறம் காசிமேட்டில் கடந்த நான்கு வருடத்தில் எடுத்ததில் 31 படம் தேர்ந்தெடுத்து, 4க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு, நேற்று காலை எடுத்துப் போனேன். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அதே அம்மா அதே ஐஸ் பெட்டி மேல் இருந்தார். அடையாளம் கண்டுகொண்டார். "நீ கேட்டதுக்கு அன்னிக்குப் பதில் சொல்லத் தெரியலம்மா" என்று சொல்லிக் கவரைக் கொடுத்தேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க இரண்டு அடுக்காகப் பிரித்தார். எல்லோரையும் பெயர் சொல்லிச் சொன்னார். வலை பிரிப்பவர், ஐஸ் உடைக்கும் பையன், நண்டு விற்கிற இரண்டு அக்கா தங்கை. என் கண்ணுக்கு இதுவரை அவர்கள் எல்லாம் கை, வெளிச்சம், வண்ணம். 26 படத்தை ஒரு பக்கம் வைத்து, "இத்த நானே குட்த்துடறேன்" என்றார். மூன்று பேர் இப்போது அங்கே வருவதில்லை என்றார்.

மீதி இரண்டைத் தனியாக எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். ஒன்றில் இருந்த பெண், மீன் வெட்டுகிற வேலைக்கு வருவது புகுந்த வீட்டுக்குத் தெரியாதாம். இன்னொன்றில் இருப்பவர் கடன்காரர்களுக்குப் பயந்து வேறு ஊரில் இருந்து வந்து வேலை செய்கிறவராம். "இத்த எங்கியும் போட்டுடாத தம்பி" என்றார். முதல் படத்தைப் போன வருடமே போட்டிருந்தேன். 900 பேருக்கு மேல் விரும்பிய படம் அது. அங்கேயே நின்று போனை எடுத்து இறக்கினேன். அவள் வீட்டில் யாரும் பார்த்திருக்கக் கூடாதே என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

கிளம்பும்போது, "உங்கள ஒண்ணு எடுக்கலாமாம்மா?" என்று கேட்டேன். "இன்னிக்கு வேணாம், தலகூட வாரல. பேத்தி காதுகுத்துக்கு வா, எல்லாரையும் எடு" என்றார். தேதி சொல்லியிருக்கிறார்.

சிந்தாதிரிப்பேட்டை, பூக்கடைப் படங்களுக்கும் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். பத்ரியன் தெரு, உங்கள் அம்மா என் படங்களில் எங்காவது இருக்கிறாரா என்று பார்க்கிறேன். கடை எந்தப் பக்கம் என்று தனிமடலில் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்தத் தெரு முனையில் இருப்பேன். யாராவது சேர்ந்து வருவதானால் வாருங்கள், இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

---

பத்ரியன் தெரு எழுதியது:

அனுப்பியிருக்கிறேன் அண்ணா. ஆறு மணிக்கு அம்மா கடை போட்டுக்கொண்டிருப்பார். ஏழுக்கு மேல் வாருங்கள், பேச நேரம் இருக்கும்.